டிஸ்ப்ளே மங்கலான லேப்டாப்

சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அப்பாவுக்கு பஜ்ஜிக் கடை. சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தன் சின்ன மகள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாருக்கு எத்தனை பஜ்ஜி கொடுத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோனது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அக்கா தென்காசியில் போலீஸ் கான்ஸ்டபிள். டூட்டியிலிருந்தே போன் செய்தாள். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை.

"ஏட்டி, லேப்டாப் நான் வாங்கித் தாரேன். வேற யாரும் குறுக்க வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்குக் கண் தெரியாது. நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி, விரலால் தடவிப் படிக்கும் எழுத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தேன். பி.ஏ. படிக்கும்போது கணினிக்கு வந்துவிட்டேன். திரையில் இருப்பதையெல்லாம் குரலாகச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. விசைப்பலகையில் அடிப்பேன், அது வாசித்துக் காட்டும், நான் கேட்டுக்கொள்வேன். மவுஸ் வேண்டாம், திரையும் வேண்டாம்.

ஆனால் அதுவரை எனக்கென்று ஒரு லேப்டாப் இருந்ததில்லை. சித்தி மகன் புதிது வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தான். அதில் இரண்டு எழுத்துகள் அழுந்தாது. விசிறி கிரைண்டர் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குள் குரல் என்ன சொல்கிறது என்று காதைத் திரையோடு ஒட்டிவைத்துக் கேட்க வேண்டும். அதை நம்பித் தேர்வு எழுத முடியுமா? எனவே பி.ஏ. தேர்வுகளையெல்லாம் வேறு பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்துதான் எனக்காக எழுதினார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்கள் எழுத வேண்டும். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் நான் நீளமாக ஒரு வாக்கியம் சொன்னால் அதைப் பாதியாக்கி எழுதிவிட்டு, "எழுதியாச்சுக்கா" என்பார்கள். ஒவ்வொரு முறை மதிப்பெண் வரும்போதும் அது யாருடைய மதிப்பெண் என்று எனக்குக் குழப்பமாக இருக்கும்.

சட்டப் படிப்பையும் அப்படிப் படிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அக்கா போன் செய்தபோது அதைத்தான் சொன்னேன்.

"நீ வாங்கித் தா. ஆனா எது வேணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

அவள் சரி என்றாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்பது இரண்டு பேருக்கும் வேறு வேறாக இருந்தது என்று கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

என்னைப் போன்ற நண்பர்கள் சேர்ந்து பேசிக்கொள்ளும் போன் குழு ஒன்று உண்டு. ஒரு வாரம் அவர்களைக் கேள்வி கேட்டே தொந்தரவு செய்தேன். ஆளாளுக்குப் பட்ட அனுபவத்தைச் சொன்னார்கள். மதுரையிலிருந்து ஒரு தோழி, சாவிகள் மெத்தென்று உள்ளே இறங்க வேண்டும், இல்லையென்றால் அடித்ததா இல்லையா என்றே தெரியாது என்றாள். இன்னொருவர் வங்கியில் வேலை பார்ப்பவர். ஆன் செய்யும் பொத்தானை விசைப்பலகைக்குள்ளேயே, அழிக்கும் சாவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் மாடல்களை வாங்கிவிடாதே என்றார். ஒரு எழுத்தை அழிக்கப் போய் மெஷினையே அணைத்துவிட்டு உட்கார்ந்த கதையை அவர் சொன்னபோது குழுவே சிரித்தது. என் மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டேன். எந்த மெஷினில் செருகினாலும் அது பேசத் தொடங்கிவிடும்.

அக்காவுக்கு ஓய்வு கிடைத்த ஒரு நாள் காலையில் கிளம்பினோம். தென்காசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முதல் கடை. ஏசி குளிரும், பிளாஸ்டிக் உறையின் புது வாசனையும். கடைக்காரர் வரவேற்றதே அக்காவைத்தான்.

"மேடம், இந்த டிஸ்ப்ளேயப் பாருங்க. இந்த ரேஞ்சுல இப்படிக் கலர் வேற எதுலயும் வராது."

லேப்டாப் தங்கச்சிக்கு என்று அக்கா சொன்னாள். அவர் அக்காவிடமே, "அவங்களுக்கு எதுக்கு மேடம் லேப்டாப்? போன் போதுமே, அதுதான் பேசுமே" என்றார்.

நான் அவர் குரல் வந்த பக்கம் திரும்பி, சாவிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒன்றை என் முன்னால் தள்ளினார். தகடு மாதிரி மெலிந்த மெஷின். சாவிகள் மேசையைத் தட்டுவதுபோல் இருந்தன. வலது மூலைக்கு விரலைக் கொண்டுபோனேன். அழிக்கும் சாவிக்கு அடுத்தது ஆன் பொத்தான். வங்கிக்காரர் சொன்னது அப்படியே இருந்தது. தெரியாமல் இதை அமுக்கிவிட்டால் மெஷின் அணைந்துவிடுமே என்றேன்.

"பாத்து அமுக்கணும்" என்றார் கடைக்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. பென் டிரைவைச் செருகலாமா என்று கேட்டதற்கு, வைரஸ் வந்துவிடும் என்றார். வெளியே வந்ததும் அக்கா பல்லைக் கடித்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அடுத்த கடையில் திரையைத் தொட்டால் வேலை செய்யும் என்று ஒரு இளைஞர் விடாமல் விளக்கினார். திரையைத் தொட்டு நான் என்ன செய்ய என்று கேட்டதற்கு, படம் வரையலாம் என்றார். அங்கிருந்தும் கிளம்பினோம். சாரல் விழத் தொடங்கியிருந்தது. காலையிலிருந்து அலைந்த அலுப்பில் அக்கா நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதை ஆன்லைனில் போட்டுவிடலாம், விலை கூடினால் நல்லதாகத்தானே இருக்கும் என்றாள். ஆன்லைனில் தொட்டுப் பார்க்க முடியாது என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாயே என்றாள். நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். கடைசியில், கூட வேலை பார்க்கிற ஒருவர் கடையநல்லூரில் ஒரு கடையைப் பற்றிச் சொன்னார், அதோடு சரி, அதற்கு மேல் என்னால் முடியாது என்று பஸ்ஸில் ஏற்றினாள்.

கடையநல்லூரில் அந்தக் கடையை நடத்துகிற பாய், வளைகுடாவில் பல வருடம் கணினிக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, யாருக்கு லேப்டாப் என்பது. எனக்கு என்றேன்.

"அப்ப நீங்க இங்கன வந்து உக்காருங்கம்மா" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்று முழுக்க ஒரு கடையில் நான் உட்கார்ந்தது அங்கேதான்.

என்ன வேண்டும் என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். நாலைந்து மெஷின்களை வரிசையாகத் திறந்து வைத்து, "பென் டிரைவு தானே, தாராளமா போடுங்க" என்றார். முதல் மெஷின் பேசத் தொடங்கியதும் சார்ஜர் வாங்க வந்திருந்த யாரோ ஒருவர் இது என்ன பாஷை என்று பாயிடம் கேட்டார். தமிழ்தான். நான் வைத்திருந்த வேகத்தில் பழக்கமில்லாதவர்களுக்கு அது வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும்.

எங்கள் வீடு அப்பாவின் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது. சீசனில் அருவிக்குப் போகிற வண்டிகளும் கூட்டமும் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்தச் சத்தத்திலும் குரல் கேட்குமா என்று பார்க்க, கண்ணாடிக் கதவைத் திறந்து வைக்க முடியுமா என்று பாயிடம் கேட்டேன். ஏசி வீணாகுமே என்று அவர் சொல்லவில்லை. திறந்தார். மெயின் ரோட்டு ஹாரன் எல்லாம் உள்ளே வந்தது. ஒவ்வொரு மெஷினாகக் கேட்டேன். ஒன்றில் குரல் அடியிலிருந்து வந்தது, மேசையில் வைத்தால் அமுங்கிப்போனது. ஒன்றில் சாவி நன்றாக இருந்தது, ஆனால் அந்த மூலையில் அதே ஆன் பொத்தான். ஒன்றில் மென்பொருளுக்குக் கட்டளை கொடுக்க எனக்கு எப்போதும் தேவைப்படும் சாவி தனியாக இல்லை, வேறொன்றோடு சேர்த்து அமுக்க வேண்டும். எல்லாவற்றையும் தள்ளிவிட்டேன். அக்கா பெருமூச்சு விடுவது கேட்டது.

பாய் கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னும் ஒண்ணு கெடக்கும்மா. காட்டவே எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார்.

ஒரு ஆபீசுக்காக வரவழைத்த மாடலாம். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. கனம் அதிகம், தடிமன் அதிகம். எல்லாவற்றையும் விட டிஸ்ப்ளே மங்கல். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாதாம். வருகிறவர்களெல்லாம் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள் என்றார்.

அதைக் கொண்டுவந்து வைத்ததும் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தேன். ஒவ்வொரு சாவியும் நடுவில் சின்னக் குழிவோடு விரலை ஏந்திக்கொண்டது. அமுக்கினால் இறங்கி, அடித்தாயிற்று என்று சொல்லிவிட்டு ஏறியது. மேல் வரிசைச் சாவிகள் நான்கு நான்காக இடைவெளி விட்டு இருந்தன, எண்ண வேண்டியதே இல்லை. ஆன் பொத்தான் பக்கவாட்டில், யார் கையும் தெரியாமல் படாத இடத்தில். எனக்கு வேண்டிய சாவி தனியாக, மூலையில். ஒலிபெருக்கி இரண்டும் சாவிகளுக்கு இருபுறமும் என் முகத்தைப் பார்த்து இருந்தன. விசிறி ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன், ஓடுவதே தெரியவில்லை. வெளியே ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. குரல் அதற்கு மேலே தெளிவாக வந்தது.

இதுதான் வேண்டும் என்றேன்.

"ஒருத்தரும் வாங்காததக் கண்ணு தெரியாத புள்ள தலையில கட்டுதீங்களா பாய்?" என்றாள் அக்கா. ஸ்டேஷனில் பேசுகிற குரல். பாய்க்கு மனம் நோகிறது என்பது அவர் மூச்சை இழுத்துவிட்டதிலேயே தெரிந்தது.

"எக்கா, அந்த டிஸ்ப்ளேய யாரு பாக்கப் போறா?" என்றேன்.

சார்ஜர் வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"சின்னதுல இருந்து உனக்கு அடுத்தவங்க வேண்டாம்னு விட்டதுதாம்ட்டி வருது. என் சட்டை, என் பேக்கு, அவன் குடுத்த அந்த ஓட்ட லேப்டாப்பு. இது ஒண்ணாவது எல்லாரும் ஆசப்படுதது மாதிரி இருக்கட்டும்னுதான் நான் அலையுதேன்."

அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. பரேடில் மயங்கி விழுந்த அன்றுகூட அவள் சிரித்துக்கொண்டேதான் போன் செய்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அதெல்லாம் எனக்குன்னு குடுத்தாவ. நான் கேட்டதில்ல. இத நான் கேட்டு எடுக்கேன். அது வேற, இது வேற" என்றேன்.

நான் மெஷினில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வருகிற புகார் ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொன்னேன். வேண்டாவெறுப்பாகத் தொடங்கினாள். பிறகு பழக்கம் அவளை இழுத்துக்கொண்டது. மேற்படி நபர், மேற்படி தோப்பில், மேற்படி தென்னை மரங்களில் இருந்த தேங்காய்களை அத்துமீறிப் பறித்ததாக என்று நிறுத்தாமல் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வேண்டுமென்றேதான் வேகத்தைக் கூட்டினாள். நான் விடவில்லை. விரல்கள் அவள் வாயோடு கூடவே ஓடின. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது நானும் நிறுத்தி, குரலின் வேகத்தைக் குறைத்து, வாசி என்று விட்டேன். மெஷின் முதலிலிருந்து வாசித்தது. ஒரு மேற்படிகூட விட்டுப்போகவில்லை.

"எங்க ஸ்டேஷன் ரைட்டரே இவ்வளவு வேகமா அடிக்க மாட்டாரு" என்றாள் அக்கா. பிறகு பாய் பக்கம் திரும்பினாள். "மனசுல வச்சுக்கிடாதீய பாய். பில் போடுங்க."

பாய் பில் போட்டார். திரையை முழுவதுமாக அணைத்து வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம், சார்ஜ் இன்னும் அதிக நேரம் நிற்கும் என்று அவர் சொன்னது எனக்குக் கிடைத்த உபரி. மங்கலான திரை அன்றைக்கு அணைந்ததுதான். அக்காவுக்காகத் தவிர அதைப் பெரும்பாலும் நான் போடுவதே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். படித்தேன். அரசியலமைப்புச் சட்டத்தை, ஒப்பந்தச் சட்டத்தை, குற்ற நடைமுறைச் சட்டத்தை. எவரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டு என்று கேட்காமல், அவர்களுக்கு எப்போது நேரம் இருக்கும் என்று காத்திருக்காமல், விட்ட இடத்திலிருந்து, பிடித்த பக்கத்தை மூன்று தடவை. வெளியே வேன்கள் ஹாரன் அடித்தன, யாரோ ஈரத் துண்டை உதறினார்கள், அப்பா கடையில் கூட்டத்தைச் சமாளித்தார். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த அக்கா, பொழுது இறங்கிய பிறகு ஒரு பெண்ணைக் கைது செய்வது பற்றி ஏதோ பேச்சில் சொன்னாள். பெண் போலீஸ் கூட இருந்தால் போதும் என்றாள். போதாது என்றேன். பத்து வருடமாக இந்த வேலையில் இருப்பவள் நான், நீ காலேஜில் இன்னும் காலே வைக்கவில்லை என்றாள். அம்மா இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் மடியில் லேப்டாப்பைத் திறந்து நாலைந்து சாவியை அமுக்கி அந்தப் பிரிவுக்குப் போனேன். அக்காவுக்குப் புரிகிற வேகத்தில் அதை வாசிக்க விட்டேன். விதிவிலக்கான சூழ்நிலை இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து, நீதித்துறை நடுவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

அக்கா மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தது. திரையைப் போடச் சொல்லி, அந்த மங்கல் எழுத்தைச் சாய்த்தும் நிமிர்த்தியும் தன் கண்ணாலேயே ஒரு தடவை படித்தாள்.

"சரி, வக்கீலம்மா. சாப்பிட வா" என்றாள்.

லேப்டாப் கடையில் நடந்ததை விட்டால், அவளோடு நான் போட்ட வாதங்களில் நான் ஜெயித்த முதல் வாதம் அது. சின்ன வயதிலிருந்து அவள் சொல்வதுதான் கடைசி வார்த்தை. அன்று சோறு எனக்கு இரண்டு மடங்கு இறங்கியது.

கல்லூரியில் முதல் உள்தேர்வு வந்தது. எனக்கு எழுத ஆள் வேண்டாம், என் லேப்டாப்பிலேயே எழுதுகிறேன் என்று மனு கொடுத்திருந்தேன். கொஞ்சம் அலைய வைத்தார்கள், ஆனால் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இணையத்தைத் துண்டித்து, உள்ளே வேறெதுவும் இல்லை என்று ஒரு பேராசிரியர் சரிபார்த்த பிறகு, தனி அறையில் உட்கார வைத்தார்கள். கேள்வித்தாளைக் கோப்பாகக் கொடுத்தார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள்வியைக் கேட்டேன். முதல் வாக்கியத்தை அடித்தேன். பிடிக்கவில்லை, அழித்தேன். வேறு மாதிரி அடித்தேன். அந்த அழித்தல் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்னொருவரை வைத்துத் தேர்வு எழுதியவர்களுக்குத்தான் தெரியும். சொன்னதை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பாரே என்று பயந்து பாதி நேரம் மாற்றாமலேயே விட்டுவிடுவோம். அன்று நான் ஒரு பத்தியை மூன்று முறை மாற்றினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. மணி அடிக்கும்வரை எழுதினேன்.

விடைத்தாளை அச்செடுத்துத் திருத்தித் திருப்பித் தந்தார்கள். பக்கத்தில் உட்காரும் தோழி சிவப்பு மையில் இருந்ததையெல்லாம் வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் வாதம் நன்று என்று எழுதியிருந்தார்களாம். இன்னொரு இடத்தில் ஒரு சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அதற்கு வட்டம் போட்டிருந்தார்கள். எந்தச் சொல், எந்த எழுத்து என்று கேட்டேன். சொன்னாள். நான் சிரித்தேன். பிழைக்கு ஏன் சிரிக்கிறாய் என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்காக எழுதுகிற யாரும் விட்டதல்ல, என் விரலே விட்டது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த முதல் பிழை அது. அவளிடம் அதை எப்படி விளக்குவது?

வகுப்பில் மூன்றாவதாக வந்திருந்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு இடமும் யாருக்கு என்று கேட்டாள். இரண்டு பெண்கள் என்றேன். அடுத்த பருவத்தில் அவர்களில் ஒருத்தியைத் தாண்டிவிட்டேன். இன்னொருத்தி இன்னும் மிச்சமிருக்கிறாள்.